ஐஸ் ரூமில் வேக்காடு

1974-ஆம் வருடம் மே மாதம் 24-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பகலில், தூத்துக்குடியில் ஒரு காவல் நிலையத்தில், சப் இன்ஸ்பெக்டர் விசாரிக்க, ஏட்டு எழுத, சிலுவை மனைவி செல்லக்கனி சொன்னது.

என் பெயர் செல்லக்கனி. வயது முப்பத்தாறு. தகப்பனார் பெயர் மரியான். திரேஸ்புரத்தில் மாதா குருசடிக்குப் பின்பக்கத்து வரிசையில் குடியிருக்கிறேன். வடக்குக் கடற்கரையில் இருக்கும் ஐஸ் கம்பெனியை ஒட்டிய ஷெட்டில் இறால் தலை கிள்ளும் வேலை செய்கிறேன். இரண்டு பெண் பிள்ளைகள். கணவர் பெயர் சிலுவை, காலமானவர். இந்தக் கடைசி வார்த்தையைப் போன திங்கட்கிழமை காலையில் யாராவது என் காதுபடச் சொல்லியிருந்தால் வாயைக் கிழித்திருப்பேன். இப்போது நானே எழுதச் சொல்கிறேன்.

மேற்படி ஐஸ் கம்பெனி மேனேஜர் சுந்தரராஜ் என்பவர் கொடுத்த மனுவை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஐஸ் கட்டி சரிந்து என் கணவர் மாட்டிக்கொண்டது விபத்து என்றும், கம்பெனி ஆட்கள் அவரை உயிரோடு மீட்க எல்லா முயற்சியும் செய்துகொண்டிருந்தபோது, மனைவியாகிய நான் உள்ளே புகுந்து அவர் மேல் போர்த்தியிருந்த சாக்குகளை எடுத்துப் போட்டதால்தான் குளிர் ஏறி இறந்துபோனார் என்றும் அதில் இருக்கிறது. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

என் கணவர் வாலிபத்தில் சங்கு குளித்தவர். முத்துக் குளிப்பு நடந்த வருடங்களில் அதற்கும் போயிருக்கிறார். காது கெட்டுப்போன பிறகு குளிக்கப் போவதை விட்டுவிட்டு ஐஸ் கம்பெனியில் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. சங்கு குளித்த உடம்புக்குக் குளிர் ஏறாது என்று எங்கள் கரையில் எல்லோரும் சொல்வார்கள். அவரும் அப்படித்தான் சொல்வார். ஐஸ் ரூமுக்குள் மற்றவர்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு போனால் இவர் பனியனோடு போவார். அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு, நானும் நாலு பேரிடம் சொல்லிப் பீற்றியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போக மாட்டார்கள். ஆனால் கம்பெனி மெஷினை நிறுத்துவதில்லை. அதனால் திங்கட்கிழமை காலையில் ஐஸ் ரூமில் கட்டிகள் கூரையை முட்ட அடுக்கியிருக்கும். சம்பவம் நடந்த திங்கட்கிழமை, முந்தின சனிக்கிழமை வந்த இறாலைப் பெட்டியில் போட்டுக் கொச்சிக்கு அனுப்ப லாரி வந்து நின்றது. பெட்டிக்கு ஐஸ் வேண்டும் என்று என் கணவரும், அவரோடு வேலை பார்க்கும் ஹென்றி என்பவரும் கொக்கியை எடுத்துக்கொண்டு ஐஸ் ரூமுக்குள் போனார்கள். காலை எட்டு மணி இருக்கும். நான் ஷெட்டில் உட்கார்ந்து தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். பாறை உருளுவதுபோலச் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஹென்றி வெளியே ஓடி வந்து, "சிலுவையண்ணன் உள்ள மாட்டிக்கிட்டாவ, ஓடியாங்க, ஓடியாங்க" என்று கத்தினான். நான் கையிலிருந்த இறாலைப் போட்டுவிட்டு ஓடினேன்.

வாசலில் மேனேஜர் நின்று என்னை மறித்தார். பொம்பளை உள்ளே போகக் கூடாது என்றார். நான் அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை ஏட்டையா எழுத வேண்டாம். அதன் பிறகும் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றேன், ஆட்கள் நிறையப் பேர் உள்ளே இருந்ததால் எனக்கு இடமில்லை. கட்டிக்கு நடுவே கால் மாட்டியிருக்கிறது என்று வெளியே வந்த ஒருவன் சொன்னான். கத்திரி வெயில் அப்போதே தலையில் இறங்கிவிட்டது. வெயிலில் நின்றுகொண்டு, உள்ளே கிடக்கிற மனுஷனின் கால் போய்விடக் கூடாது மாதாவே என்று மட்டும்தான் வேண்டிக்கொண்டேன். காலைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை, அங்கே நின்ற யாரும் நினைக்கவில்லை.

ஐஸ் ரூம் கதவு ஒரு சாண் கனம். உள்ளே போகிறவன், வெளியே வருகிறவன் யாரானாலும் உடனே இழுத்துச் சாத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கட்டி உருகும் என்று மேனேஜர் சத்தம் போடுவார். அன்றைக்கும் ஒவ்வொருவனும் கடப்பாரையை எடுக்க வெளியே வந்தான், கதவைச் சாத்தினான். உள்ளே போனான், கதவைச் சாத்தினான். மேனேஜரும் பழக்கத்தில், "ஏலே, கதவச் சாத்துலே" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அவர் வேண்டுமென்றே சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் வாய் அப்படியே ஓடிப் பழகியது, இவன்கள் கை அப்படியே சாத்திப் பழகியது. திறந்து போட்டிருந்தால் வெளியே கொதித்த வெயிலில் கொஞ்சமாவது உள்ளே போயிருக்கும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே அது அப்போது தோன்றவில்லை.

அதன் பிறகு ஹென்றி வெளியே வந்து என்னைப் பார்த்து, "மதினி, நீங்க உள்ள வந்து அண்ணங்கிட்ட பேச்சுக் குடுத்துக்கிட்டு இருங்க, அவுக பயப்படக் கூடாது" என்றான். மேனேஜர் அப்போது மறிக்கவில்லை. ஆகவே நான் புகுந்தேன் என்று மனுவில் இருப்பது சரியல்ல. கூப்பிட்டார்கள், போனேன்.

உள்ளே என் கணவர் சுவரோரம் மல்லாந்து கிடந்தார். இடது கால் தொடைவரைக்கும் இரண்டு கட்டிகளுக்கு நடுவே இருந்தது. அந்தக் கட்டிகளின் மேல் இன்னும் பல கட்டிகள் சாய்ந்து நின்றன. ஒன்றைத் தப்பாக இழுத்தால் எல்லாம் அவர் நெஞ்சில் விழும். அதனால் மேலேயிருந்து ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடிந்தது. கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒட்டின கட்டியைப் பிரிக்க ஐஸ் கம்பெனியில் என்றைக்கும் தண்ணீர்தான் விடுவார்கள். அன்றைக்கும் ரப்பர் குழாயை இழுத்து வந்து தண்ணீர் விட்டார்கள். கட்டி பிரிந்தது, தண்ணீர் முழுவதும் அவர் முதுகுக்கு அடியில் ஓடியது. பனியன், இடுப்பில் கட்டியிருந்த சாரம், தலைமுடி எல்லாம் தொப்பலாக நனைந்துவிட்டது. நான், "தண்ணி அவுக மேல போவுதே" என்றேன். "தண்ணிதான மதினி, தொடைச்சுக்கிடலாம்" என்று யாரோ சொன்னார்கள். சொன்னவன் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் அவன்மேல் தப்பில்லை, அதனால் சொல்ல மாட்டேன்.

என்னைப் பார்த்ததும் அவர் சிரித்தார். "என்னளா, கொச்சி லாரியில என்னையும் பொட்டில போட்டு அனுப்பிருவாவ போலுக்கே" என்றார். பல் கிட்டித்து ஒவ்வொரு வார்த்தையும் துண்டு துண்டாக வந்தது. நான், "உங்கள எந்தச் சீமைக்காரன் வாங்குவான், சும்மா கெடங்க" என்றேன். கட்டிலையே ஆட்டுகிற காய்ச்சல் வந்ததுபோல உடம்பு நடுங்கியது. சாக்கு கொண்டு வாருங்கள் என்று கேட்டேன். கட்டி மூடுகிற சாக்குதான் பக்கத்தில் இருந்தது, அது ஈரம். காய்ந்தது வேண்டும் என்று சத்தம் போட்ட பிறகு ஹென்றி வெளியே போய்க் காய்ந்த சாக்கு நாலு கொண்டு வந்து மேலே போர்த்தினான். கீழே ஒன்றும் விரிக்கவில்லை. ஐஸ் தண்ணீரில் முதுகு கிடக்க, நெஞ்சுக்கு மட்டும் சாக்குப் போட்டோம். ஒரு ஆள் மடியிலிருந்து எடுத்து அவர் வாயில் கொஞ்சம் சரக்கும் ஊற்றினான். சர்க்கார் அதை நிறுத்தியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவன் யார் என்று ஐயா கேட்டார், அதையும் சொல்வதற்கில்லை.

அதன் பிறகு வெகு நேரம் வேலை நடந்தது. நான் அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தேன். பெரியவளுக்கு வந்திருக்கும் சம்பந்தத்தைப் பற்றிப் பேசினேன். மாப்பிள்ளைக்கு ஊர் மணப்பாடு என்றதும், "அம்புட்டுத் தொலைவா" என்று கேட்டார். அதற்கு அப்புறம் நான் ஒன்று கேட்டால் அவர் வேறொன்று சொன்னார். எங்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்றா என்று இரண்டு தடவை கேட்டார். வலியில் பிதற்றுகிறார் என்று நினைத்தேன்.

அதன் பிறகு நடுக்கம் நின்றது. நடுக்கம் நின்றதும் அங்கிருந்த எல்லோருக்கும் உயிர் வந்தது. ஹென்றி கையெடுத்துக் கும்பிட்டு, "சேசுவே, நின்னுட்டு மதினி, இனி பயமில்ல" என்றான். நானும் அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான் அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் என் கணவர் சாக்கைக் கையால் தள்ளினார். நான் மறுபடி போர்த்தினேன். மறுபடி தள்ளினார். "ஏளா, வேக்காடா இருக்குளா. உடம்பெல்லாம் அவியுது. எடுத்துப் போடு" என்றார். நான் அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். நெஞ்சு ஜில்லென்று இருந்தது. நாள் முழுவதும் ஐஸில் கிடக்கிற இறாலைக் கிள்ளுகிற கை என்னுடையது, என் கைதான் மரத்துப்போய்விட்டது என்று நினைத்தேன். "வேண்டாங்க, சும்மா இருங்க" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கோபப்பட்டார். பனியனைப் பிடித்துக் கிழிக்கப் பார்த்தார், விரல் மடங்காததால் முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் குரலை உயர்த்தாத மனுஷன், "எடுன்னா எடுளா" என்று கத்தினார்.

நான் ஹென்றியைப் பார்த்தேன். ஹென்றி, "குளிர்காய்ச்சல்ல இப்படித்தான மதினி. மொத நடுங்கும், பொறவு காந்தும், பொறவு வேர்த்து எறங்கிரும். காத்து வரட்டும், எடுத்துருங்க" என்றான். அது எனக்கும் சரியாகப் பட்டது. எங்கள் கரையில் குளிர்காய்ச்சல் வராத வீடு இல்லை. எனக்கு வந்திருக்கிறது, அவருக்கு வந்திருக்கிறது, சின்னவளுக்குப் போன ஐப்பசியில் வந்தது. கிடுகிடுவென்று நடுங்கினால் கம்பளியைப் போட்டு அமுக்குவோம், நடுக்கம் நின்று உடம்பு காந்தினால் கம்பளியை எடுத்துவிட்டு விசிறுவோம், வேர்த்தால் பிழைத்துக்கொள்வார்கள். ஹென்றி மேல் நான் பழி சொல்லவில்லை. அவன் சொல்லாவிட்டாலும் நான் எடுத்திருப்பேன்.

ஆகவே சாக்கு நாலையும் நான்தான் எடுத்தேன். பனியனையும் நான்தான் கிழித்தேன். அதன் பிறகு முந்தானையால் விசிறினேன். வேக்காடு என்று சொல்கிற மனுஷனுக்கு விசிறாமல் இந்த ஊரில் எந்தப் பெண்டாட்டி இருப்பாள்? கதவைத் திறந்து வெளியே போன ஒருவன், உள்ளே சிலுவைக்குப் புழுக்கமாக இருக்கிறதாம் என்று சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டு மேனேஜர் தன் அறையிலிருந்த பனையோலை விசிறியைக் கொடுத்து அனுப்பினார். அன்றைக்கு முழுவதும் அந்த மனுஷன் இரக்கப்பட்டுச் செய்த காரியம் அது ஒன்றுதான். மனுவில் அந்த விசிறியைப் பற்றி ஒன்றும் காணோம். அவரும் நல்லதை நினைத்துத்தான் கொடுத்தார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விசிற விசிற அவருக்குக் கோபம் தணிந்தது. முகம் தெளிந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. தோணியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, "அங்கன நிறுத்தச் சொல்லு, அங்கன பார் இருக்கு" என்றார். கடலுக்கு அடியில் சங்கு கிடக்கும் பாறைத் தரையைத்தான் பார் என்பார்கள். நிறுத்தச் சொல்கிறேன் என்றேன். அதன் பிறகு என் கையைப் பார்த்து, "போதும்ளா, கை வலிக்கும்" என்றார். எனக்குக் கை வலிக்கவில்லை என்று சொன்னேன், விசிறிக்கொண்டே இருந்தேன். அவர் கண்ணை மூடினார். அசதியில் தூங்குகிறார், தூங்கட்டும் என்று ஹென்றியிடம் மெதுவாகச் சொன்னேன். கட்டி இழுக்கிறவர்களிடமும் சத்தம் போடாமல் இழுங்கள் என்று நானே சொன்னேன்.

அதன் பிறகு கடைசிக் கட்டியையும் எடுத்தார்கள். வெளியே தூக்கி வந்தபோது உச்சி வெயில். கொச்சி லாரி அப்போதும் அங்கேயே நின்றது, அதிலேயே ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத நிலை என்றார்கள். வெந்நீர்ப் புட்டி வைத்தார்கள், கம்பளி போட்டார்கள், நெஞ்சை அமுக்கினார்கள். அங்கே ஒருவரும் சும்மா இருக்கவில்லை, அதை என் கண்ணால் பார்த்தேன். சாயங்காலம் ஆவதற்கு முன்னால் உயிர் போய்விட்டது என்று சொன்னார்கள்.

நான் டாக்டரிடம் காலைப் பற்றித்தான் கேட்டேன். கால் எலும்பு முறியவில்லை, சிராய்ப்புதான் என்றார். காலுக்கு ஒன்றும் இல்லையென்றால் எதில் செத்தார் என்று கேட்டேன். குளிரில் என்றார். "குளிர்லயா? இந்தத் தூத்துக்குடியிலயா? கத்திரி வெயில்லயா?" என்று நான் ஆஸ்பத்திரி அதிரக் கத்தினேன். அந்த டாக்டர் என்னைக் கோபிக்கவில்லை. பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கடைசி நேரத்தில் என் கணவர் என்னவெல்லாம் சொன்னார் என்று கேட்டார். வேக்காடாக இருக்கிறது என்று சொன்னார் என்றேன். டாக்டர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதன் பிறகு டாக்டர் சொன்னது: குளிர் உள்ளே இறங்கிவிட்டால் உடம்புக்கு நடுங்கக்கூடத் தெம்பு இருக்காதாம். நடுக்கம் நின்றது நல்லதற்கு அல்ல, கெட்டதற்காம். அந்த நேரத்தில் சில பேருக்கு உடம்பு எரிவதுபோல இருக்குமாம், போர்த்தியதைத் தள்ளுவார்களாம், துணியைக் கிழிப்பார்களாம். என்ன கெஞ்சினாலும் எடுக்கவே கூடாதாம். ஈரத் துணியை முதலிலேயே மாற்றி, முதுகுக்கு அடியில் பலகையோ காய்ந்த சாக்கோ கனமாகக் கொடுத்து, தலையையும் சேர்த்து மூடி, தண்ணீர் படாமல், கதவைத் திறந்து போட்டிருந்தால் கட்டியை எடுக்கிற மட்டும் தாங்கியிருப்பாரா என்று கேட்டேன். தாங்கியிருக்கலாம் என்றார். சரக்கு கொடுத்ததும் தப்பு, அது உள்ளே இருக்கும் சூட்டையும் வெளியே கொண்டு வந்துவிடும் என்றார். நான் அவரிடம், "நல்லாச் சொன்னீங்க சார். ரெண்டு மைலுக்கு அங்கிட்டு ஒக்காந்துகிட்டு, எல்லாம் முடிஞ்ச பொறவு நல்லாச் சொன்னீங்க" என்றேன். அவரைக் கேட்டு என்ன பிரயோசனம். கோபம் எங்கேயாவது போக வேண்டுமே.

செவ்வாய்க்கிழமை அடக்கம் முடிந்தது. புதன்கிழமை ஐஸ் ரூமைத் திறந்து வேலை ஆரம்பித்துவிட்டார்கள். கட்டியைக் கொஞ்சம் தணிவாக அடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம், வேறு மாற்றம் ஒன்றும் இல்லை என்று ஹென்றி சொன்னான். குழாய் அங்கேதான் கிடக்கிறது, கதவும் சாத்தித்தான் இருக்கிறது. இன்று காலையும் ஹென்றி அந்த ரூமுக்குள் போயிருக்கிறான். அவன் பெண்டாட்டி ஜெபசெல்வி என் பக்கத்தில் உட்கார்ந்து தலை கிள்ளுகிறவள், அவளுக்கு இது ஏழாம் மாதம்.

இதுவரை சொன்னதும் ஏட்டையா எழுதியதைப் படித்துக் காட்டினார். அதில் சாக்கு எடுத்ததும், விசிறியதும், தூங்கட்டும் என்று நான் சொன்னதும் இல்லை. ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். சப் இன்ஸ்பெக்டர் ஐயாதான் விடச் சொன்னார் என்று தெரிந்தது. ஐயா என்னிடம், "ஏம்மா, கம்பெனி வக்கீலு அந்த ஒண்ணத்தான் பிடிப்பான். தண்ணி விட்டதும் கதவச் சாத்துனதும் எழுதியிருக்கு, அது போதும். மத்தத நீயா வந்து ஏன் தலையில போட்டுக்கிட்டு நிக்கே? உனக்கு ரெண்டு பொட்டப்பிள்ள இருக்கு" என்றார். அவர் என் நன்மைக்குத்தான் சொன்னார். பெண் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்போல என்று நினைத்தேன்.

நான் அவரிடம் சொன்னதை அப்படியே எழுதக் கேட்டுக்கொண்டேன். "ஐயா, தண்ணிய விடாதன்னா விட மாட்டானுவ. கதவத் தொறந்து வையின்னா வைப்பானுவ. அதெல்லாம் மேனேஜர் ஒரு சத்தம் போட்டா நடந்துரும். ஆனா எம்புருசன் எங்கிட்ட வேக்காடா இருக்குன்னு கேட்டாவ. நான் மேனேஜர் சொல்லி எடுக்கல, பாவம் பாத்து எடுத்தேன். அத நீங்க எழுதாம விட்டா, நாளைக்கு ஹென்றி அங்கன கெடப்பான், ஜெபசெல்வியும் எடுப்பா. அவளும் பாவம் பாத்துத்தான் விசிறுவா" என்றேன். ஐயா எழுந்து வெளியே போய் நின்றார். ஏட்டையா விட்டுப்போனதையெல்லாம் வரிசைப்படி திரும்ப எழுதினார்.

வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். திரும்ப எழுதிய முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். சாக்கு எடுத்தது இருக்கிறது, விசிறியது இருக்கிறது, அவர் போதும் என்று சொன்ன பிறகும் விசிறியது இருக்கிறது. எல்லாம் நடந்தது நடந்தபடி. யாரும் சொல்லிக் கொடுத்தோ பயமுறுத்தியோ சொல்லவில்லை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

(ஒப்பம்) சி. செல்லக்கனி

என் முன்பாகப் பதிவானது. தன் கணவர் கடைசியாகக் கேட்டதையும் தான் செய்ததையும் இதில் சேர்க்கச் சொன்னது சாட்சியே. சேர்க்க வேண்டாம் என்று சொன்னது நான்.

(ஒப்பம்) சப் இன்ஸ்பெக்டர்